ஐந்து தினார் நீலம்

"செயற்கை."

வுகோசாவா அந்த அட்டையை மூன்றாவது தடவையாகப் படித்தாள். முதல் தடவை மனசுக்குள். அடுத்தது வாய்விட்டு. மூன்றாவது, கூடத்தின் கடைசி மேஜையில் பழைய தபால்தலைகளைப் பரப்பிக்கொண்டிருந்தவர் பதறித் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

கண்ணாடிப் பெட்டிக்குள், கறுப்பு வெல்வெட் துணியின்மேல், அவளுடைய வெள்ளிக் காசு அமைதியாகக் கிடந்தது. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐந்து தினார். நடுவில் மிலான் இளவரசரின் தலை. தலையைச் சுற்றி வெளிறிய பொன்நிறம், அதைத் தாண்டி ஊதா, விளிம்பில் மயில்கழுத்து நீலம். பக்கத்தில் அந்த அட்டை.

தரம்: அற்புதம். நிறம்: செயற்கை.

"தலைவரே, இது என்ன?"

"அட்டை" என்றார் ஸ்வெதோலிக். ஊர் நாணயச் சங்கத்தின் தலைவர். ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார். வருடாந்தரக் கண்காட்சி என்பதால் கழுத்தில் டை கட்டியிருந்தார், அது அவரை இறுக்கிக்கொண்டிருந்தது.

"அட்டைன்னு தெரியுது. அதுல என்ன எழுதியிருக்கு?"

"நீங்கதான் மூணு தடவ படிச்சீங்களே."

"நீங்க படிங்க. உங்க வாயால கேக்கணும்."

ஸ்வெதோலிக் படிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சங்கத்தோட விதி உங்களுக்கே தெரியும். வெள்ளியில வருஷக்கணக்குல தானா ஏறாம, செயற்கையா நிறம் ஏத்தின காசு கண்காட்சியில இருக்கக்கூடாது. ஜனங்க வர்றதுக்கு முன்னால எடுத்துடுங்க, வுகோசாவா."

"எடுக்க மாட்டேன்."

"ஏத்துக்கிட்டா உங்களுக்குத்தான் நல்லது. அந்த அட்டையையும் கையோட கொண்டுபோங்க. நான் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தியிருக்கேன்."

"அவமானப்படுத்தினதுக்கு ரசீது வேற குடுக்கறீங்களா?"

பக்கத்து மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே லாரி வந்தாலும் ஹாரனை அடித்துவிட்டு அப்படியே நிற்கிற ரகம் அவள். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அதனால்தான் அந்த ஊரில் சந்துமுனைகளில் யாரும் யாருக்கும் வழிவிடுவதில்லை.

ஒரு வார்த்தைக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். உள்ளூரில் யாரும் கேட்க மாட்டார்கள்.

விவாகரத்தின்போது அவளுக்கும் ராதிவோய்க்கும் பங்குபோட உருப்படியாக இரண்டுதான் இருந்தன. திசா ஆற்றங்கரையில் மரத்தூண்களின்மேல் நிற்கிற ஒரு வீடு. இந்தக் காசு. "வீட்டை எடுத்துக்க வுகா, காசை மட்டும் தொடாத. இந்த நிறத்துல நாட்டுலயே வேற கெடையாது" என்று வக்கீல் முன்னால் ராதிவோய் கண்கலங்கினான். கால்பந்தில் தோற்றதற்குத் தவிர வேறெதற்கும் அவன் கண்கலங்கி அவள் பார்த்ததில்லை. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். காசு எனக்கு, வீடு உனக்கு.

ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. கெண்டை மீன் வறுத்துத் தின்னவும் கோடையில் காலை நீட்டிப் படுக்கவும் ஆற்றங்கரை வீடு இருக்க, உள்ளங்கை அகலக் காசை வாங்கிக்கொண்டு வந்தவள் என்று ரொட்டிக்கடை வரிசையில்கூடப் பேசினார்கள். அவள் அசரவில்லை. சங்கத்தில் சேர்ந்தாள். பூதக்கண்ணாடி வாங்கினாள். காசு கைக்கு வந்த பிறகுதான் காசைப் பற்றிப் படித்தாள். இளவரசரின் காதுக்கு மேலே முடி எத்தனை தேய்ந்திருக்கிறது, பின்பக்கத்துக் கிரீடத்தில் முத்துகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இன்று, இந்தக் கூடத்தில், ஊர் முழுக்க வந்து அந்த நீலத்தைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாள்.

"காரணம் சொல்லுங்க" என்றாள். "எதை வெச்சுச் செயற்கைன்னீங்க?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பாத்தாத் தெரியும்."

நடுவர்கள் மூன்று பேர். ஸ்வெதோலிக் ஒருவர். கறிக்கடை நாந்தோர் இரண்டாமவர். மூன்றாமவர் கடிகாரம் பழுதுபார்க்கிற காவ்ரா. அவருக்குக் காலையிலிருந்து பசி. வுகோசாவா நாந்தோரைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"நீங்க சொல்லுங்க. இயற்கையா ஏறின நிறம்னா எங்க ஆரம்பிக்கும்?"

"விளிம்புல."

"அப்புறம்?"

"உள்ள மெல்ல மெல்லப் பரவும். முதல்ல மஞ்ச, அது முத்தினா ஊதா, அதுவும் முத்தினா நீலம். அதனால விளிம்புல நீலம், நடுவுல மஞ்ச."

"எழுத்தோரமா?"

"ஒரு கீத்து வெளுப்பா நிக்கும்."

"இதுல எது இல்ல?"

நாந்தோர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "எல்லாம் இருக்குதே தலைவரே."

ஸ்வெதோலிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கு. ரொம்ப நல்லாவே வந்திருக்கு."

"வந்திருக்கா?"

"அமைஞ்சிருக்குன்னு சொன்னேன்."

"விளக்கைக் கொண்டாங்க" என்றாள் வுகோசாவா. "பெட்டியத் தொறங்க. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாப்போம். அப்புறம் சொல்லட்டும் செயற்கைன்னு."

"வேண்டாம், வுகோசாவா."

வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அல்லவா. அவளே விளக்கைக் கொண்டுவந்தாள்.

நாந்தோர் காசை விளிம்பில் பிடித்து, விளக்கின் கீழே இப்படியும் அப்படியும் சாய்த்தார். கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. கறி வெட்டும்போது எத்தனை நிதானமோ அத்தனை நிதானமாகப் பார்த்தவர், உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன?"

"வெளிச்சம் சுத்த மாட்டேங்குதும்மா. அச்சுல இருந்து வந்த பளபளப்பு போகாம இருந்தா, சாய்க்கச் சாய்க்க வெளிச்சம் வண்டிச் சக்கரம் மாதிரி சுத்தி ஓடணும். இது ஓடல."

"உங்க கை ஆடுது. அதான் ஓடல."

"என் கை ஆடினா எனக்கு இந்நேரம் பத்து வெரலு இருக்காது." பூதக்கண்ணாடியை எடுத்தார். "நிறத்துக்கு அடியில பாருங்க, மயிரிழை மாதிரிக் கோடுகோடா. எப்பவோ ஒரு மகராசன் நல்லாத் தேய்ச்சுக் கழுவியிருக்கான்."

"அதனால?"

"அதனால அற்புதம் இல்ல. மிக அழகு."

நாணயக்காரர்களின் பாஷையே தனி. 'அற்புதம்' என்றால் நன்றாக இருக்கிறது. 'மிக அழகு' என்றால் சுமார். வெறும் 'அழகு' என்றால், காசு நிறையக் கைகளையும் சட்டைப்பைகளையும் பார்த்துவிட்டது, இனி அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை என்று அர்த்தம்.

ஸ்வெதோலிக் பேனாவை எடுத்து 'அற்புதம்' என்பதை அடித்துவிட்டு 'மிக அழகு' என்று எழுதினார்.

"தரத்தை மாத்தத் தெரியுது, நிறத்தை மாத்தத் தெரியலயா?" என்று கத்தினாள் வுகோசாவா.

"நிறம் செயற்கைதான்."

"டீச்சர், பிரேக்கப் போடுங்க!" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"நீ வாய மூடு. உனக்கு இன்னும் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. அன்னைக்குப் பரிட்சையில உன்ன யாரு காப்பாத்தினாங்கன்னு சொல்லட்டுமா?"

குரல் அடங்கியது.

அவள் வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு அசிட்டோன் பாட்டில் இருந்தது. பயிற்சிக் காரில் ஒட்டிய பலகையின் பசையைச் சுரண்ட எப்போதும் வண்டியில் வைத்திருப்பாள். மேஜையில் இருந்த கண்ணாடித் தம்ளரில் பாதிவரை ஊற்றினாள். காவ்ரா அது ரக்கியா சாராயம் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாயம் பூசியிருந்தா இதுல கரைஞ்சு போகும். எல்லாரும் பாத்துக்கங்க."

"அம்மா, வேண்டாம்" என்று ஸ்வெதோலிக் இப்போது கெஞ்சவே செய்தார். "நான் சாயம்னு சொல்லல. செயற்கைன்னுதான் சொன்னேன். ரெண்டும் வேற. இதுவும் வெள்ளியோட சேந்த நிறந்தான், கரையாது. ஆனா..."

"என்ன ஆனா?"

"ஆனா இதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

காசு தம்ளருக்குள் விழுந்தது. கூட்டம் கழுத்தை நீட்டியது. நீலம் அசையவில்லை. ஊதா அசையவில்லை. பொன்நிறம் இருந்த இடத்திலேயே இருந்தது. வுகோசாவா வெற்றியோடு தலையை நிமிர்த்தினாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் நாந்தோர் வருத்தமாக. "இளவரசர் கழுத்தப் பாத்தீங்களா?"

காது மடலிலிருந்து கழுத்துவரை நீளமாக ஒரு கீறல். அதுவரை அது இல்லை. யாரோ கெட்டிக்காரத்தனமாகப் பசையை வைத்து நிரப்பியிருந்ததை அசிட்டோன் கரைத்துவிட்டது. கோழி அறுக்கத் தொடங்கி, மனசு மாறி, விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"அழகு" என்றார் நாந்தோர்.

"அழகுதான். நான் எப்பவும் அதத்தானே சொல்லிட்டிருக்கேன்?"

"இல்லம்மா, தரம். வெறும் அழகு."

ஸ்வெதோலிக் மறுபடி அட்டையில் அடித்து எழுதினார். கூட்டத்தில் ஒருவர் இருமுகிற சாக்கில் சிரித்தார். வுகோசாவாவுக்குக் காது சுட்டது. காலையில் அற்புதமாக உள்ளே வந்த காசு இப்போது வெறும் அழகாகக் கிடந்தது. அதைச் செய்தது தலைவர் இல்லை, அவளேதான். அந்த நினைப்பு ஒரு கணம் வந்து எட்டிப்பார்த்தது. அவள் அதன் முகத்திலேயே கதவைச் சாத்தினாள்.

"போகட்டும்" என்றாள். "கழுவினது, கீறினது, அழகு. எல்லாத்தையும் எழுதிக்கங்க. ஆனா நிறம் நிஜம். அதுல மட்டும் ஒரு எழுத்துக்கூட விட்டுக்குடுக்க மாட்டேன்." நாற்காலியின்மேல் ஏறி நின்றாள். "இந்தக் கூடத்துல, இப்படி ஒரு நீலத்தைக் கொண்டுவரத் தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருந்தா முன்னால வாங்க! வாங்க, பாப்போம்!"

யாரும் வரவில்லை. ஸ்வெதோலிக் குனிந்து காலணி நாடாவைக் கட்டினார். அவ்வளவு நேரம் எடுத்துக் கட்டும் நாடா அது இல்லை.

"ஒருத்தருமில்ல! கேட்டுக்கங்க!"

"காசு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா முடிவு பண்ணிரலாம்" என்றார் காவ்ரா. அன்று அவர் பேசிய முதல் வாக்கியம். சீக்கிரம் முடிந்தால் சாப்பிடப் போகலாம் என்பது அவர் கணக்கு.

வுகோசாவா நாற்காலியிலிருந்து இறங்கினாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். அந்த எண்ணைக் கூப்பிடுவதைவிட அந்த அசிட்டோனைக் குடித்துவிடலாம் போலிருந்தது.

"ராதிவோய், நான்தான். உங்கூடப் பேச எனக்கு ஆசையில்ல. இந்தக் காசோட நிறம் செயற்கைன்னு தலைவர் எழுதிட்டாரு. எங்க இருந்து வந்ததுன்னு நீ வந்து சொல்லணும்."

மறுமுனையில் தூண்டில் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"அங்கயே இரு. யார் எதச் சொன்னாலும் கேக்காத. வந்துட்டேன்."

கல்யாணமான காலத்தில் ஒரு குழாயைச் சரிசெய்யக் கூப்பிட்டால் மூன்று மாதம் கழித்து வருபவன், இப்போது யாரோ வாங்கிவைத்த காபி ஆறுவதற்குள் வந்து நின்றான். ஆற்றங்கரை வெயிலில் முகம் சிவந்து, சட்டையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"யாரு செயற்கைன்னு சொன்னது?" என்று உள்ளே நுழையும்போதே கேட்டான். ஸ்வெதோலிக்கைப் பார்க்காமல் கேட்டான். "எங்க அப்பா இதைப் பழுப்புக் காயித உறையில போட்டு, வால்நட் அலமாரியில முப்பது வருஷம் பூட்டி வெச்சிருந்தாரு. வெயிலே படல. தானா ஏறின நிறம். நாங்க பிரிஞ்சப்ப இதுக்காக அழுதேன். வுகாவக் கேளுங்க."

"அழுதான்" என்றாள் வுகோசாவா.

மாமனார் பீர் பாட்டில் மூடிகளைத் தவிர வேறெதையும் சேர்த்ததாக அவளுக்கு நினைவில்லை. ஆனால் சாட்சி நமக்குச் சாதகமாகப் பேசும்போது குறுக்கே விழுவது யாருக்கு லாபம்? ராதிவோய் அவளோடு ஒத்துப்போவதைக் கேட்க உடம்பெல்லாம் என்னவோ செய்தது. இத்தனை வருஷத்தில், சூப்பில் உப்பு குறைவு என்பதில்கூட அவர்கள் ஒத்துப்போனதில்லை.

"ராதிவோய்" என்றார் ஸ்வெதோலிக் மெதுவாக. "எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"நீங்க ஏன் தலைவரே இவ்வளவு உறுதியா இருக்கீங்க?" ராதிவோய் இப்போது அவரைப் பார்த்தான். "எப்படித் தெரியும்னு எல்லாருக்கும் சொல்லுங்களேன். காசோட நிறத்துல கை வெச்சவன சங்கத்துல இருந்தே தூக்கணும்னு விதி எழுதினவரு நீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

ஸ்வெதோலிக் டையைத் தளர்த்தினார்.

"ஓட்டெடுப்பு" என்றார் காவ்ரா.

நாந்தோர் இயற்கை என்றார். காவ்ரா இயற்கை என்றார், சாப்பாடு எப்போது என்றும் கேட்டார். கூட்டம் கைதட்டியது. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவன்கூடத் தட்டினான்.

"வாயால சொன்னா பத்தாது" என்றான் ராதிவோய். "எழுதிருவோம். நாளைக்கு யாரும் மாத்திப் பேசக்கூடாது பாருங்க." காகிதத்தை அவனே வாங்கினான், அவனே எழுதினான். இந்தக் காசின் நிறம் இயற்கையானது. இதன் உரிமையாளர் இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறார். இந்தக் காசைப் பற்றி இனி யாரும் யார்மேலும் எங்கேயும் வழக்குப் பேசுவதில்லை.

"ரெண்டு பிரதி" என்றான். "ஒண்ணு வுகாவுக்கு, ஒண்ணு எனக்கு."

"உனக்கு எதுக்கு?"

"ஞாபகத்துக்கு. என் காசாச்சே அது."

நாந்தோர் கையெழுத்துப் போட்டார். காவ்ரா போட்டார். பேனா வுகோசாவாவிடம் வந்தபோது ஸ்வெதோலிக் அவள் முழங்கையைப் பிடித்தார்.

"போடாதீங்க. தயவுசெஞ்சு கேளுங்க. என்னத் திட்டுங்க, செருப்பால அடிங்க, அட்டைய மட்டும் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க. இதுல மட்டும் போடாதீங்க."

அதுவரை அவளுக்குச் சின்னதாக ஒரு தயக்கம் இருந்தது. அவர் வேண்டாம் என்றதும் அது போய்விட்டது. காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி, இரண்டு பிரதியிலும், கடைசியில் ஒரு கோடும் இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பழைய அட்டையை எடுத்து நாலாகக் கிழித்து, அசிட்டோன் தம்ளருக்குள் போட்டாள். மை கரைந்து நீலமாகப் பரவியது.

"எடுக்க மாட்டேன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "காசு இங்கேயேதான் இருக்கும்!"

கூட்டம் இன்னொரு தரம் கைதட்டியது. ராதிவோய் தன் பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டான். ஸ்வெதோலிக் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். வுகோசாவாவுக்கு அவர்மேல் இரக்கமே வந்தது. தோற்றவர்களிடம் அவள் எப்போதும் பெருந்தன்மையாக நடந்துகொள்வாள். காசை அவளே துடைத்து, கீறல் தெரியாதபடி சற்றுத் திருப்பி, வெல்வெட் துணியின்மேல் வைத்தாள். விளக்கொளியில் நீலம் மின்னியது.

அப்போது கதவைக் காலால் தள்ளிக்கொண்டு ஸ்வெதோலிக்கின் மனைவி யெலித்சா உள்ளே வந்தாள். சங்கத்துக்காரர்களுக்காகச் சுட்ட பாலாடைக்கட்டிப் பீட்டா அப்பங்களிலிருந்து, பெரிய தட்டில் ஆவி பறந்தது. கண்காட்சிக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. காவ்ரா ஓடிப்போய்த் தட்டை வாங்கினார். ராதிவோய் ஒரு துண்டை எடுத்துக் கடித்தான். யெலித்சா கைகளை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்துக்கொண்டு, எல்லாரும் எதைச் சூழ்ந்து நிற்கிறார்கள் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஏங்க, இது ராதிவோய் குடுத்து, நிறம் ஏறறதுக்காக நீங்க உருளைக்கெழங்குக்குள்ள வெச்சு நம்ம அடுப்புல சுட்ட காசுல்ல? செயற்கைன்னு முத்திர குத்திக் குடுத்துட்டா, இந்தம்மா கோர்ட்டுக்குப் போயி அந்த ஆத்தங்கரை வீட்ட வாங்கிரும், செஞ்ச பாவம் தீரும்னு ஒரு வாரமாப் பொலம்பினீங்களே, குடுத்துட்டீங்களா?"